மிச்சம் சமைத்த மருமகள்

அந்த வீட்டில் அன்று சமைத்ததை அன்று யாரும் சாப்பிடுவதில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நடப்பு. திங்கட்கிழமை வைத்த பருப்பைச் செவ்வாய்க்கிழமை சாப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை வதக்கிய முட்டைக்கோஸ் புதன்கிழமைத் தட்டுக்கு வரும். புதன்கிழமைச் சமையல் அடுப்பிலிருந்து ஆவி பறக்க இறங்கி, ஆறி, மூடி போட்டுக்கொண்டு, ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் போய்த் தன் முறைக்காகக் காத்திருக்கும். இருந்தது இரண்டே பேர், ஒரு மாமனாரும் ஒரு மருமகளும். இரண்டு பேரும் நேற்றைய சோற்றைத் துரத்திக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் மாமனார். உணவுப் பொருள் கிடங்கு ஒன்றில் அவர் வாழ்நாளெல்லாம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். மாவு மூட்டை, எண்ணெய் டின், பால் பவுடர் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். புதுச் சரக்கு பின்னால் போகணும், பழைய சரக்கு முன்னால் வரணும், முன்னால் இருப்பது தீராமல் பின்னால் இருப்பதைத் தொடக்கூடாது. அவருக்கு வேதமும் அதுதான், சட்டமும் அதுதான். மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'பழசு முதல்'. ரிட்டயர் ஆன அன்று சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்த மனிதர், சட்டத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு அவருடைய கிடங்கானது.

மாமியார் இருந்தவரை இந்தச் சட்டம் பல்லில்லாத பாம்பாகக் கிடந்தது. உங்க சட்டத்தைக் கொண்டுபோய் கிடங்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் சூடான சோற்றை அவர் தட்டில் போட்டுவிடுவார். அவர் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார். மாமியார் போன பிறகு அந்த அதட்டல் போடுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. மகனோ கப்பலில் எஞ்சின் மெக்கானிக், வருஷத்துக்கு ஒரு முறை வந்து முகம் காட்டுபவன். மருமகள் மாமனாரை அதட்ட முடியுமா என்ன?

மருமகள் பஸ் பட்டறையில் இருக்கைகளுக்கு உறை தைப்பவள். தடித்த துணி, தடித்த ஊசி, காலையிலிருந்து சாயங்காலம் வரை மிஷின் சத்தம். சிக்கனம் அவளுக்குக் கூடப் பிறந்த குணம். பட்டறையில் வெட்டி எறிந்த துண்டுத் துணியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. தலையணை உறை, காய்கறிப் பை, மிதியடி, வாஷிங் மெஷினுக்குப் போர்வை என்று வீடு முழுக்க நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட பஸ் துணிதான். முதல்முறை வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்ததும் டிக்கெட் எடுக்கவேண்டுமோ என்று ஒரு கணம் தயங்குவார்கள்.

சமையலிலும் அதே கைதான். உருளைக்கிழங்குத் தோலை உப்பும் மிளகும் தூவி முறுக முறுக வறுப்பாள். காலிஃபிளவர் தண்டைப் பொடியாக அரிந்து பருப்பில் போட்டுவிடுவாள். ரொட்டியின் ஓரத் துண்டுகளைப் பாலில் ஊறவைத்துச் சர்க்கரை போட்டுச் சுட்டெடுப்பாள். கோழி வாங்கினால் சதை ஒரு நாளைக்கு, எலும்பில் சூப் இன்னொரு நாளைக்கு. இரண்டு பேருக்கு அது போதும், போதாமல் போனதே இல்லை. போதாமல் போனது மாமனாரின் வயிறு மட்டும்தான்.

மனைவி போன பிறகு அவருக்குச் சாப்பாட்டில் பிடிப்பு விட்டுப்போயிற்று. நேற்றைய சோறு இரண்டு கரண்டி, அதோடு கை கழுவிவிடுவார். சுவையாக ஏதாவது சமைத்து வைத்தால், நாளைக்கு ஆகும், எடுத்து வை என்பார். அந்த நாளைக்கு அதுவும் பழசாகி, காய்ந்து, ருசி கெட்டுத்தான் அவரிடம் வரும். மறுபடி இரண்டு கரண்டி. சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார்.

இது இப்படியே போயிருந்தால் வேறு கதை. ஆனால் அவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவதற்கே முகம் வலியில் கோணும். தானாக வாசலைத் தாண்டிப் பல மாதம் ஆயிற்று. புது மூட்டு வைத்தால் பழையபடி நடக்கலாம் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் எடை மிஷினைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இந்த உடம்பில் கத்தி வைத்தால் புண் ஆறாது, நாலு கிலோவாவது ஏற்றிக்கொண்டு வாருங்கள், இரண்டு மாதம் தருகிறேன், இல்லாவிட்டால் உங்கள் ஆபரேஷன் தேதி அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விஷயம் காதுக்குப் போனதும் நாத்தனார் பஸ் பிடித்து வந்து இறங்கினாள். கணவனின் அக்கா, மனசு கெட்டவள் அல்ல. வாய் மட்டும் ஊருக்கு முன்னால் போகும். வந்தவள் அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள், கண் கலங்கினாள், கலங்கிய கண்ணோடேயே சமையலறைக்குள் வந்தாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலை. உனக்கு வேலைக்குப் போய் வரவே நேரம் சரியா இருக்கு. நாலு கிலோவெல்லாம் இனிமே ஏறுமா? அப்பாவை என்கூட அனுப்பிடு. பின்னாடி ரூம்ல கட்டில் போட்டு வச்சிருக்கேன். எல்லாம் கட்டிலுக்கே வந்துடும். அவர் எந்திரிக்கவே வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் மருமகள் நெஞ்சில் தைத்தது. எழுந்திருக்கவே வேண்டாம். கிடங்கு முழுக்கக் கால் தேய நடந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய சாபம் உண்டா? கூடத்தில் அவர் காதிலும் அது விழுந்திருந்தது. அவர் கைத்தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மருமகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் கழித்து எடை போடுகிற அன்றைக்கு வாருங்கள் அக்கா, அன்றைக்கும் ஏறவில்லை என்றால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் நாலு கிலோ எவ்வளவு என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். சோற்றில் முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, மேலே வெண்ணெய் விட்டு, வாசனை தெருமுனைக்குப் போகிற மாதிரி சமைத்து வைத்தாள். இரண்டு கரண்டி, நாளைக்கு ஆகும். கோழியை மெத்தென்று வேகவைத்துக் கொடுத்தாள். நாளைக்கு ஆகும். கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், கப்பலில் இருக்கும் கணவனைப் போனில் பேசவைத்தாள். கிணற்றில் போட்ட கல்தான். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் அது நடந்தது. ஃப்ரிட்ஜைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். மூலையில் ஒரு டப்பாவில் முந்தாநாள் உருளைக்கிழங்கு இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். கெடவில்லை, ஆனால் ஆறிப்போய் அழுது வடிந்தது. இதைக் கொட்டிவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினாள்.

"குடு இங்க" என்றார் மாமனார்.

டப்பாவை வாங்கினார். உட்கார்ந்தார். டப்பா முழுவதையும் சாப்பிட்டார். ஓரத்தில் ஒட்டியிருந்ததை ரொட்டியால் துடைத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டார். முகத்தில் ருசியும் இல்லை, அருவருப்பும் இல்லை. சரக்கு வீணாகாமல் காப்பாற்றிய நிம்மதி ஒன்றுதான் இருந்தது.

மருமகள் துடைக்கிற துணியோடு அப்படியே நின்றாள். ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும். இத்தனை நாள் இவரைப் புதுசைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறோமே, நம்மைப்போல முட்டாள் உண்டா என்று தலையில் அடித்துக்கொண்டாள். இவருக்குப் பசி கிடையாது, கடமை உண்டு. பசிக்குச் சமைத்தது போதும், இனிமேல் கடமைக்குச் சமைக்க வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அவள் மிச்சம் சமைக்க ஆரம்பித்தாள். மிச்சத்தை வைத்துச் சமைப்பது யாருக்கும் கைவரும். புத்தம் புதிதாகச் சமைத்து அதை மிச்சமாக்குவது அப்படியல்ல, அதற்குத் தனிக் கைத்திறன் வேண்டும். மாமனார் கண் விழிப்பதற்கு முன்னால் எழுந்துவிடுவாள். பருப்பில் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துப் போட்டு நெய் விடுவாள். ஆறியதும் நசுங்கிப்போன பழைய டப்பாவில் மாற்றுவாள். ஒரு மூலையில் இரண்டு கரண்டி அள்ளிவிட்டுப் பள்ளம் பண்ணுவாள். பக்கவாட்டில் கொஞ்சம் தீற்றி விடுவாள். பொருந்தாத மூடி ஒன்றைப் போட்டு, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் முன்வரிசையில் வைத்துவிடுவாள். உண்மையான பழசை ஒரு பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய் மதியம் அவளே சாப்பிட்டுத் தீர்ப்பாள். வீணாக்க அவளுக்கும் மனசு வராதே.

முன்வரிசைக்கு வந்துவிட்டால் போதும், மாமனாருக்கு அது பழசுதான். கேள்வியே கேட்காமல் எடுத்து, சூடுபண்ணி, தீர்த்துவிடுவார். சாயங்காலம் அவள் வந்து பார்க்கும்போது டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கும். பழம் வாங்கினால் அதில் ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்தி, அடிபட்ட பழம் மாமா என்பாள். ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். பாலைச் சுண்டக் காய்ச்சி, இது திரிகிற மாதிரி இருக்கு என்பாள். டம்ளர் காலி.

முட்டைதான் எல்லாவற்றுக்கும் மேல். முழு முட்டை இருந்தால் நாளைக்கு ஆகும். உடைந்த முட்டை எந்த நாளைக்கும் ஆகாது. ஆகவே தினமும் காலையில் ஒரு முட்டையை எடுத்து மேடை ஓரத்தில் லேசாகத் தட்டிவிட்டு, பையில் வரும்போதே உடைந்துவிட்டது மாமா, உடனே சாப்பிட்டாகணும் என்று முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு நிற்பாள். சில நாள் இரண்டு உடையும். அவர் தலையில் கைவைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டே சாப்பிடுவார்.

சட்டை மறுபடி உடம்போடு ஒட்ட ஆரம்பித்தது. ஒருநாள் பெல்ட்டைப் பார்த்தாள். ஆணியால் போட்ட ஓட்டையை விட்டுவிட்டுக் கடைக்காரன் போட்ட ஓட்டைக்கு வந்திருந்தார். தையல்காரியின் கண்ணுக்கு அது போதாதா? அன்றைக்குப் பட்டறையில் மிஷினை மிதித்த வேகத்தில், பக்கத்து மிஷின்காரி என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டாள்.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். ஸ்டோர் கீப்பருக்குச் சரக்கு உடைந்து வந்தால் சாப்பிட மட்டும்தான் தெரியும் என்று இவள் நினைத்துவிட்டாள். சரக்கு தினமும் உடைந்து வந்தால் அவர் என்ன செய்வார்? சப்ளை பண்ணியவன் சட்டையைப் பிடிப்பார். வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்தார்!

எடை போட ஒரு வாரம் இருந்தது. பட்டறை விட்டு வருகிற வழியில் முட்டைக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டார். மனிதர் இன்னும் திகைப்பு நீங்காமல் இருந்தார்.

"மாமா வந்திருந்தார்மா. சுவத்தைப் பிடிச்சு, கம்பத்தைப் பிடிச்சு, அங்கங்க நின்னு நின்னு வந்தார். என் மருமக வாய் செத்தவ, அவ கேக்க மாட்டான்னு தானே நீ தினம் உடைஞ்ச முட்டையைத் தள்ளி விடறேன்னு சண்டைக்கு வந்துட்டார். நான் ஒரு முட்டை கூட உடைஞ்சதா குடுத்ததில்லைன்னேன். தட்டித் தட்டிப் பாத்துத்தானே எடுக்கறாங்கன்னேன். அப்படியே நின்னுட்டார். ஸ்டூல் போட்டேன், உக்காரலை. திரும்பிப் போயிட்டார்."

குட்டு உடைந்த வெட்கம் ஒரு பக்கம். மறு பக்கம், வாசல் தாண்ட முடியாத மனிதர், குளியலறைக்குப் போகவே பல்லைக் கடிக்கிற மனிதர், தனக்காகத் தெருவைக் கடந்து போயிருக்கிறார். தன்னை ஒருவன் ஏமாற்றுகிறான் என்று நினைத்துச் சண்டைக்குப் போயிருக்கிறார். ஏமாற்றியது தான்தான். அவள் தெருவிலேயே அழுதுவிட்டாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. இனி அவர் எதையும் தொடமாட்டார். கட்டில், பின்னாடி ரூம், எழுந்திருக்கவே வேண்டாம்.

வீட்டில் அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் நேரே சமையலறைக்குள் போனாள். டப்பா, பள்ளம், பொருந்தாத மூடி எதையும் தொடவில்லை. இனி எதற்கு நாடகம்? சோறு வடித்தாள். பருப்பு வேகவைத்து நெய் விட்டாள். இரண்டு முட்டையை முழுசாகவே வேகவைத்து உரித்தாள். பாத்திரத்தோடு கொண்டுவந்து மேஜையில் வைத்து மூடியைத் திறந்தாள். ஆவி மேலே எழுந்து அவர் கண்ணாடியில் படிந்து, கண்ணையே மறைத்துவிட்டது.

"இது எப்பப் பண்ணதும்மா?" என்று கேட்டார்.

அவள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் கையை லேசாக உயர்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக்கூட இல்லை.

"நேத்துப் பண்ணது மாதிரி இருக்கே."

அவள் கரண்டியை எடுத்தாள். "ஆமா மாமா. நேத்துப் பண்ணதுதான்."

"அப்ப இன்னைக்கே முடிச்சாகணும். போடு."

போட்டாள். அவர் இன்னும் போடு என்றார். முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைக்காரன்கிட்ட பேசிட்டு வந்தேன். இனிமேலும் தினம் ஒண்ணு ரெண்டு உடைஞ்சுதான் வருமாம். என்ன பண்றது, சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்றார். பிறகு எதிர் நாற்காலியைக் கைத்தடியால் தள்ளிவிட்டார். "நீயும் உக்காரு. பழசு தீரணும்னா ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டாத்தான் முடியும்."

மாமியார் போன பிறகு அந்த வீட்டில் அன்று சமைத்ததை அன்றே, தெரிந்தே சாப்பிட்டது அன்றைக்குத்தான். பாத்திரத்தில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

எடை போடுகிற அன்று நாத்தனார் அப்பாவின் துணிமணிக்கென்று காலிப் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே நேராக வந்துவிட்டாள். மாமனார் செருப்பைக் கழற்றினார். கைத்தடியை மருமகளிடம் கொடுத்தார். நர்ஸ் கைத்தாங்கலாக மிஷின்மேல் ஏற்றிவிட்டாள். முள் அசைந்தது, போனது, திரும்பியது, மறுபடி போய் நின்றது. நர்ஸ் குனிந்து பார்த்தாள். போன முறை எழுதியதைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். டாக்டர் எழுந்து வந்து அவரும் பார்த்தார். நாலு கேட்டேன், ஐந்தரை கொண்டுவந்திருக்கிறீர்களே என்றார்.

மாமனார் மிஷின்மேலேயே நிமிர்ந்து நின்றார். கிடங்கில் வருஷக் கடைசிச் சரக்குக் கணக்கு சரியாக வந்தால் இப்படித்தான் நின்றிருப்பார்போல. மருமகளுக்குக் கைத்தடியைத் தூக்கி ஆட்டவேண்டும்போல இருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் அடக்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று மனசு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அப்படி என்ன கொடுத்தீர்கள் என்று அவளைக் கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் மாமனார் முந்திக்கொண்டார்.

"எல்லாம் வீட்டு மிச்சம்தான் டாக்டர்."

நாத்தனார் காலிப் பெட்டியைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் வாய் அன்று முதல்முறையாக ஊருக்குப் பின்னால் நின்றது. பிறகு வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெட்டியில் வீட்டுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். சொன்னேனே, மனசு கெட்டவள் அல்ல.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறியது. சுவர் போய் நடைவண்டி வந்தது, நடைவண்டி போய்க் கைத்தடி வந்தது, கடைசியில் கைத்தடியும் கதவு மூலையில் போய் ஒதுங்கியது. அதற்கும் மருமகள் பஸ் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டுவிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம். பட்டறையில் அன்று வேலை அதிகம். விரல்கள் மரத்துப்போய், மதியம் கொண்டுபோன ரொட்டித் துண்டைக்கூடப் பிரிக்காமல், தளர்ந்துபோய் வீட்டுக்கு வந்தாள் அவள். சமையலறையில் விளக்கு எரிந்தது. அடுப்பின் முன்னால் மாமனார் எதையும் பிடிக்காமல், இரண்டு காலிலும் சமமாக நின்றுகொண்டிருந்தார். அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் மேஜையில் ஒரு தட்டு வந்துவிட்டது. சூடான சோறு, மேலே வெண்ணெய், அதன்மேல் பொன்னிறமாகப் பொரித்த முட்டை இரண்டு.

"கடைக்குப் போயிட்டு வந்தேன். வழியில ரெண்டு முட்டை உடைஞ்சு போச்சும்மா" என்றார், முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு.

மேடையில் ஓடுகள் கிடந்தன. நடுவில் நேராகத் தட்டி, சரிபாதியாகப் பிளந்த ஓடுகள். பையில் நசுங்கிய முட்டைக்கும் கரண்டியால் தட்டிய முட்டைக்கும் வித்தியாசம் அந்தத் தெருவில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவள் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பின்னே, வைத்தால் கெட்டுப்போய்விடுமே.